வழக்கு நடக்கும்போது தகவல் கேட்கலாமா?

"வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது." இந்த ஒற்றை வரிப் பதிலைப் படித்ததும் பலர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வைக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படியொரு விலக்கே கிடையாது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை விதித்த தகவலையும், வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பாகும் தகவலையும் மட்டுமே பிரிவு 8(1)(பி) மறுக்கச் சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பது வேறு, நீதிமன்றம் தடை விதித்திருப்பது வேறு. டெல்லி மாநகராட்சி தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மார்க்கையன்கோட்டையில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் போடும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலை ஒட்டி வயலுக்குப் போகும் பாதையைப் பங்காளி வளைத்துக்கொண்டார். பட்டாவும் அவர் பேருக்கு மாறிவிட்டது. உத்தமபாளையத்தில் உரிமையியல் வழக்கு. பங்காளி முதல் பிரதிவாதி, அரசு இரண்டாம் பிரதிவாதி. வழக்குக்கு வேண்டிய காகிதங்களில் பாதி தாலுகா அலுவலகத்தில், மீதி பங்காளியின் பீரோவில்.

தாலுகா அலுவலகத்தில் இருப்பதைத் தகவல் சட்டத்தின் மூலம் கேட்கலாம். பட்டா மாறுதல் உத்தரவு, அதற்கு முந்தைய கோப்புக் குறிப்புகள், அ பதிவேடு, புலப்படம், சர்வேயர் அறிக்கை எல்லாம் இதில் அடங்கும். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கவே முடியாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. வழக்காளி என்பதால் உங்கள் உரிமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஒற்றை வரிப் பதில் வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்து, "எந்த நீதிமன்றத்தின் எந்த உத்தரவு தடுக்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள். காவல்துறை விசாரணை நடக்கிறது என்று மறுத்தாலும், தகவலைத் தருவது விசாரணையை எப்படிக் கெடுக்கும் என்பதை அலுவலர்தான் காட்ட வேண்டும்.

ஆனால் பங்காளியின் பீரோவைத் தகவல் சட்டத்தால் திறக்க முடியாது. அவர் தனியாள், பொது அதிகார அமைப்பு அல்ல. அவரைப் பற்றி அரசிடம் உள்ள தனிப்பட்ட விவரங்களைப் பெறுவதும் முன்பைவிடக் கடினம். தனிப்பட்ட விவரங்களுக்குத் தகவல் சட்டத்தில் உள்ள விலக்கை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவாக்கியிருக்கிறது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்காது. ஒரு நீதிபதி ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்று தகவல் சட்டத்தில் கேட்டவரின் மனுவை 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பதிவில் இருப்பதைத்தான் கேட்டு வாங்கலாம்.

பங்காளியின் பீரோவில் உள்ளதைப் பெறத்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11 வருகிறது. எதிராளி சத்தியப் பிரமாணத்தோடு பதில் சொல்ல வேண்டிய வினாக்களை நீதிமன்ற அனுமதியுடன் அனுப்பலாம். அவர் கைவசமுள்ள ஆவணங்களைப் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிடச் சொல்லலாம், பார்வையிடலாம், நகல் எடுக்கலாம். பதிவு செய்யாத பாகப்பிரிவினைச் சீட்டு, பழைய குத்தகைச் சீட்டு, குடும்பக் கணக்கு எல்லாம் இந்த வழியில்தான் வெளிவரும். இதில் நீதிமன்றம் காரணம் கேட்கும். வழக்குக்குத் தொடர்பில்லாததைத் துழாவ விடாது. உத்தரவை மீறினால் விதி 21இன்படி பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கிவிடலாம்; வாதி மீறினால் வழக்கே தள்ளுபடியாகலாம். இவ்வளவு பலமான கருவி நம் கீழமை நீதிமன்றங்களில் அரிதாகவே எடுக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. குறுக்கு விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் வாய்தாக்களில் வருடங்கள் போய்விடுகின்றன.

இந்த இரண்டு வழிகளும் ஒரே வழக்கில் சந்தித்ததுண்டு. 1971 ரேபரேலி தேர்தலில் இந்திரா காந்தியின் வெற்றியை எதிர்த்து ராஜ் நாராயண் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார். பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகத்தை' நீதிமன்றத்தில் வைக்கச் சொன்னார். அரசு ரகசியம் என்று உத்தரப் பிரதேச அரசு மறுத்தது. 1975 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், ஓர் ஆவணம் ரகசியமா இல்லையா என்பதில் அரசின் சொல்லே முடிவல்ல, நீதிமன்றமே பார்த்து முடிவு செய்யலாம் என்றது. பொது ஊழியர்கள் பொதுப்படச் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மேத்யூ எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் சட்டம் இயற்றிய 1997க்கு 22 ஆண்டுகள் முன்பே, ஆவணம் கேட்ட ஒரு வழக்காளியால் இந்த உரிமை பேசப்பட்டது.

நீதிமன்றக் கோப்புகளுக்கு மட்டும் வேறு வழி. அவற்றை உயர் நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுத்தான் பெற வேண்டும், தகவல் சட்டத்தில் அல்ல என்று குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தகவல் மனுவில் கிடைத்த நகலைச் சாட்சியமாக வைக்கும்போது எதிராளி ஆட்சேபிக்கலாம். ஆகவே கோப்பில் என்ன இருக்கிறது என்று தகவல் சட்டத்தில் தெரிந்துகொண்டு, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 75இல் அதற்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். மூலப் பதிவேடே தேவையென்றால் அலுவலருக்கு நீதிமன்றச் சம்மன் கேளுங்கள்.

அவகாசத்தையும் கவனியுங்கள். பிராதுடன் தாக்கல் செய்யாத ஆவணத்தைப் பிறகு சேர்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அரசை எதிர்த்து வழக்குப் போடுமுன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80இன்படி இரண்டு மாத அறிவிப்பும் தர வேண்டும். தகவல் மனுவின் 30 நாள் அதற்குள் அடங்கிவிடும். அறிவிப்பு அனுப்பும் அன்றே தகவல் மனுவையும் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.