விடைத்தாள் திருத்தும் கருவி

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவியருக்குப் பைதன் மொழி புதிதல்ல. அதனுடன் சேர்ந்தே வரும் ‘டொக்டெஸ்ட்’ என்ற சோதனைக் கருவியைத்தான் பலர் தொட்டுப் பார்ப்பதில்லை. ரிம் பீற்றர்ஸ் எழுதிய இக்கருவி 2001இல் பைதன் 2.1உடன் வந்தது. செய்நிரலின் விளக்கக் குறிப்பில் ஓர் உதாரணத்தையும் அதற்கு வரவேண்டிய விடையையும் எழுதிவைத்தால் போதும். கருவி உதாரணத்தை இயக்கி, கிடைக்கும் வருவிளைவை அந்த விடையோடு ஒப்பிடும்.

ஒப்பிடுவதென்றால் எழுத்துக்கு எழுத்து. ஓர் இடைவெளி கூடினாலும் பிழை. சில பொருள்களை அச்சிடும்போது நினைவக முகவரியும் கூடவே வரும். அது இயக்கத்துக்கு இயக்கம் மாறக்கூடியது. செய்நிரல் சரியாக இருந்தும் சோதனையில் தோற்கும். நன்றாக எழுதிய பிள்ளைக்குக் கையெழுத்துக்காகப் புள்ளி வெட்டுவதைப் போன்றதுதான் இது.

2004இல் வெளியான பைதன் 2.4க்காக எட்வேர்ட் லோப்பரும் பீற்றர்ஸும் கருவியின் உள்ளமைப்பைப் பெரிதும் மறுசீரமைத்தார்கள். இயக்குவது ஒரு பகுதி, திருத்துவது ‘அவுட்புட்செக்கர்’ என்னும் வேறு பகுதி என்றானது. திருத்தும் முறை பிடிக்காவிட்டால் அப்பகுதியை மட்டும் நாமே மாற்றி எழுதலாம். தளர்வுகளும் கிடைத்தன: இடைவெளி வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடலாம்; மூன்று புள்ளிகள் இட்ட இடத்தில் எது வந்தாலும் ஏற்கச் சொல்லலாம்.

முகவரி இலக்கங்களுக்கு அப்புள்ளிகளை இடுவது நியாயம். சோம்பலில் “மொத்தம்: ...” என்று எழுதிவிட்டால், 450 வரவேண்டிய இடத்தில் 45 வந்தாலும் கருவி வாய்திறவாது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் அது அப்படித்தான் மௌனமாக இருக்கும்.