வேகத்துக்கு ஓர் இடம்

புனேயில் படிக்கும் நமக்கு மோட்டார் வண்டி புதுமையான பொருளன்று. பிம்ப்ரி, சிஞ்ச்வட், சாக்கன் என்று நகரின் வடபுறம் முழுவதும் வண்டித் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. புது வண்டிகளைச் சோதித்துச் சான்று வழங்குவதற்கென 1966-இல் தோன்றிய ஆராய்ச்சிச் சங்கமும் இவ்வூர்க் குன்றொன்றின் மீதுதான் அமைந்திருக்கிறது. நம்மில் பொறியியல் பயில்வோர் பலர் பயிற்சிக்கென்று இவ்விடங்களுக்குச் சென்று, சட்டையில் எண்ணெய்க் கறையோடு விடுதிக்குத் திரும்புவது நாம் அன்றாடம் காணும் காட்சி.

இத்தகைய ஊரில், 2024 மே 19-ஆம் நாள் அதிகாலையில், கல்யாணி நகர்ச் சாலையில் விரைந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டனர். ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவருக்கும் வயது இருபத்து நான்கு. காரை ஓட்டியவன் பதினேழு வயதுச் சிறுவன் என்று காவல் துறை கூறிற்று. குற்றம், தண்டனை பற்றிய பேச்சை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. விரைந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வண்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதை ஓட்டுவதற்கு இடம் எங்கே?

இக்கேள்விக்கு உலகம் கண்டுபிடித்த விடைதான் மோட்டார் விளையாட்டுக் கழகம். செல்வர்கள் கூடித் தத்தம் காரின் பெருமை பேசும் சபை என்றே நம்மில் பலர் அதை எண்ணியிருக்கிறோம். அப்படிப்பட்ட கழகங்களும் இல்லாமல் இல்லை. ஆயினும் நிலைத்து நின்ற கழகங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவை கார் வைத்திருந்ததால் நிலைக்கவில்லை, இடம் தேடியதால் நிலைத்தன என்பது விளங்கும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் கழகம் 1944-இல் தோன்றியது. அது வட்டாரக் கிளைகளாகப் பிரிந்து நாடெங்கும் பரவிற்று. 1948-இல் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூரின் தெருக்களிலேயே பந்தயம் தொடங்கினார்கள். ஊரார் தெருவோரத்தில் நின்று கைதட்டினர். 1952-இல் ஒரு கார் கூட்டத்தைத் தொட்டுச் சென்றதில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அத்தோடு அவ்வூர்த் தெருப் பந்தயம் ஓய்ந்தது. பிறகு சில ஆண்டுகள் விமானப்படைத் தளங்களைக் கேட்டு வாங்கிக் கிளைக் கழகங்கள் பந்தயம் நடத்தின. 1956-இல் வாட்கின்ஸ் கிளெனுக்கு அருகே பந்தயத்துக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். தெரு, விமானத் தளம், சொந்தப் பாதை என்ற இந்த மூன்று படிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் போர் முடிந்தபின் கைவிடப்பட்ட விமானத் தளங்களே பந்தயக்காரருக்குப் புகலிடமாயின. இன்று உலகப் புகழ் பெற்ற சில்வர்ஸ்டோன், 1948-இல் பந்தயம் தொடங்கும்வரை வெறும் விமானத் தளமே.

நம் நாட்டிலும் கதை அதே வழியில்தான் சென்றது. பம்பாயில் ஜுஹு, கல்கத்தாவில் பாரக்பூர், சென்னையில் சோழவரம் ஆகிய மூன்றும் விமானத் தளங்களே. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தொடங்கப்பட்டது. சோழவரம் என்றால் பெரும்பாலோருக்கு ஏரி நினைவுக்கு வரும். மோட்டார் பித்துப் பிடித்தவர்களுக்கோ, போர்க்காலத்தில் அங்கே போடப்பட்ட ஓடுபாதைதான் நினைவுக்கு வரும்! பல பத்தாண்டுகள் பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை மக்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் கல்கத்தாச் சாலை வழியே அங்கே திரண்டனர். மகாராஜாக்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தனர். விஜய் மல்லையா இளமையில் அங்கே கார் ஓட்டியவர். ஆனால் கழகத்தின் உயிர் அந்த வெளிநாட்டுக் கார்களில் இல்லை என்பது என் எண்ணம்.

காரணம் எளிது. அந்நாளில் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வெள்ளையர் விட்டுச் சென்ற எம்.ஜி., ஜாக்குவார் போன்ற சில கார்களைத் தவிர ஸ்போர்ட்ஸ் கார் என்பதே நாட்டில் அரிது. கிடைத்தவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் என்னும் மூன்றே. அவற்றுக்கும் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றால் அதைத் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இங்கேதான் சென்னைக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. வண்டலூரை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்யப்பட்டது. பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார் அது. முன்பக்கத்து மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பழுதுபார்க்கலாம். அடிச்சட்டம் தனி, உடல் தனி. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். ஆக, சென்னைக்காரர் கையில் இருந்தது ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு! அதன் எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, எஞ்சின் தலையைச் சீவி, அதே சோழவரத்தில் ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றார். மாருதி 800 எஞ்சினை வைத்து 1980-களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அவர் செய்து தந்த பிறகே, நடுத்தர வருவாய்க்காரரின் பிள்ளைகளுக்கும் இவ்விளையாட்டின் கதவு சற்றே திறந்தது.

இனி, பந்தய நாளில் ஒரு கழகம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓட்டுபவர் இருபது பேர் என்றால் அவர்களைச் சுற்றி உழைப்பவர் அதைப் போலப் பல மடங்கு. விடியற்காலையில் வண்டிப் பரிசோதனை. பேட்டரி ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறதா? காலை எடுத்தால் ஆக்ஸிலரேட்டர் உடனே மீள்கிறதா? எண்ணெய் ஒழுகுகிறதா? பெல்ட்டும் ஹெல்மெட்டும் சரியாக உள்ளனவா? இவற்றில் ஒன்று தவறினாலும், காரின் விலை என்னவாயினும், சொந்தக்காரர் யாராயினும், வண்டி பாதைக்குள் போகாது. பிறகு வளைவுக்கு வளைவு கொடிக்காரர்கள் நிற்பார்கள். நன்கு பழகியவர்கள் இருவர் இருவராக, எதிரெதிர்த் திசை நோக்கி நிற்பது வழக்கம். ஒருவர் வருகின்ற கார்களைப் பார்த்து நீலக் கொடி காட்டுவார். 'பின்னால் உன்னைவிட விரைவானவன் வருகிறான்' என்பது அதன் பொருள். மற்றவர் தமக்கு அப்பால் உள்ள பாதையைக் கவனித்து, அங்கே ஆபத்து நேர்ந்தால் மஞ்சள் கொடியை வீசுவார். மஞ்சளைக் கண்டபின் முந்துவது குற்றம். மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் பாதை வழுக்கும். சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தப்பட்டது. வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் இவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் பாதையோரத்தில் நிற்கும் உரிமையுமே அவர்களுக்குக் கிடைப்பது. கார் இல்லாதவரும் கார்க் கழகத்தில் முதன்மையான உறுப்பினர் ஆகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வேகம் மட்டுமே கழகத்தின் தொழில் என்றும் எண்ண வேண்டாம். கூம்புகளை நட்டு, அவற்றைத் தொடாமல் வளைந்து வளைந்து ஓட்டும் போட்டிக்கு உலகெங்கும் பல கழகங்களில் 'ஜிம்கானா' என்று பெயர். இந்தியாவில் பிறந்து கப்பலேறிய சொல் அது. டெக்கான் ஜிம்கானா நிறுத்தத்தில் நாள்தோறும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் இதை நினைத்திருப்போம்!

ராலி என்பது இன்னொரு வகை. அதில் நேரக் கணக்கு ராலி என்ற பிரிவு ஒன்று உண்டு. அதில் வெல்பவர் விரைந்தவரல்லர், கணக்குத் தப்பாதவர். புனேயிலிருந்து மகாபலேசுவரம் வரை ஒரு ராலி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். காத்ரஜ் மலைச்சாலை, கம்பாட்கி, வாயி, பசரணி, பஞ்சகனி என்று வழி போகும். ஆனால் போட்டியாளரிடம் ஊர்ப் பெயர்கள் சொல்லப்படா. சந்திப்புகளைச் சிறு சிறு கோட்டுப் படங்களாக வரைந்த வழிப்புத்தகம் ஒன்று புறப்படும்போதுதான் தரப்படும். இந்தப் பகுதியில் சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று விதித்திருந்தால், 12 கிலோமீட்டரில் மறைந்திருக்கும் சோதனைச் சாவடியைச் சரியாக இருபதாவது நிமிடத்தில் கடக்க வேண்டும். பிந்தினால் புள்ளி குறையும். பல கழகங்களின் விதிப்படி முந்தினால் இன்னும் அதிகமாகக் குறையும்! அருகில் உட்கார்ந்து கணக்குப் போடும் வழிகாட்டியே இதில் பாதி வெற்றி. தத்திப் போகும் பழைய பியட்டும் புத்தம் புதிய காரும் இங்கே சரிசமம். இந்தப் போட்டிக்குப் பந்தயப் பாதை தேவையில்லை என்பதால், பல கழகங்கள் இதைக் கொண்டே காலந்தள்ளுகின்றன.

சோழவரத்துக்குத் திரும்புவோம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கார்களின் வேகம் கூடிற்று; கூட்டமும் பெருகிற்று. இடமோ கழகத்துடையதன்று. இரவல் நிலத்தில் நிரந்தர வேலியும் சுவரும் எழுப்புவது எங்ஙனம்? கழகம் ஓர் அரிய முடிவுக்கு வந்தது. பெங்களூர்ச் சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தானே நிலம் வாங்கியது. உறுப்பினரின் முயற்சியால் 1990-இல் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை அங்கே திறக்கப்பட்டது. அரசின் பாதையன்று, தொழிற்சாலையின் பாதையன்று. ஒரு கழகத்தின் சொந்தப் பாதை! ஹுண்டாய் தொழிற்சாலை அதே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1990-களின் பிற்பகுதியில்தான். அங்கே பாதை முதலில், தொழிற்சாலை பிறகு. அந்தப் பாதையில் மாருதி எஞ்சின் காரோடு பழகியவர்தான், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயன். அவர் தந்தை ராலி வீரர். கரிவர்தன் இவற்றையெல்லாம் பார்க்க இருக்கவில்லை; 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர்ப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தச் செட்டிபாளையத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த ஒற்றை இருக்கைக் கார்களை ஓட்டும் 'பார்முலா பாரத்' போட்டி சில ஆண்டுகளாக அங்கேதான் நடந்துவருகிறது. புனேக் கல்லூரிகளிலிருந்து பல குழுக்கள் போகின்றன. 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாணவர் போட்டியின் விதிகளை ஒட்டியே இதன் விதிகளும் அமைந்துள்ளன. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே செல்ல வேண்டும். இது வேகத்துக்குப் போட்ட கடிவாளம். காரை அறுபது பாகை சாய்த்துப் பார்ப்பார்கள். கவிழவும் கூடாது, பெட்ரோல் சிந்தவும் கூடாது. ஓடவிட்டுப் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் ஓட்டப் போட்டிகள். கடைசியாக வரும் 22 கிலோமீட்டர் நீள்ஓட்டத்தில் பாதி வழியில் ஓட்டுநர் மாற வேண்டும். எஞ்சினை அணைத்து மீண்டும் முடுக்கும்போது சூட்டில் அது மறுத்துவிட்டால், ஓராண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும். மின்சாரக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. காரின் விலையைக் கணக்கிட்டுக் காட்டுவதற்கும், வடிவமைப்பை விளக்கிப் பேசுவதற்கும்கூட மதிப்பெண் இருக்கிறது. ஆகவே வணிகவியல் மாணவருக்கும் குழுவில் வேலையுண்டு.

கார் செய்யும் ஊரிலிருந்து, தாம் செய்த காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் போகிறார்கள் நம் மாணவர்கள். பக்கத்தில் ஒரு பாதை அமைந்தால் நன்றுதான். ஆனால் சென்னைக் கழகத்துக்கு அது முப்பத்தேழு ஆண்டு உழைப்பு. அதற்கு முன்னர் நாம் செய்யக்கூடியது, மைதானமோ பஸ் நிற்காத வெளியோ ஒன்றை விடுமுறை நாளில் முறைப்படி அனுமதி பெற்று, கூம்பு நட்டு ஜிம்கானா நடத்துவது. இரண்டு கொடிக்காரர்களைப் பழக்குவது. நம் சங்கத்தில் கார் வைத்திருப்போர் ஒருவரோ இருவரோதான். கொடி பிடிக்க வரக்கூடியவர் அறுபது பேராவது இருப்பார்கள். செட்டிபாளையம் போக விரும்புவோர்க்கு ஒரு செய்தி: காரை லாரியில் அனுப்பிவிட்டுக் குழுவினர் ரயிலேறலாம், குர்லாவிலிருந்து கோவை செல்லும் எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது.