அசையாக் காற்றே அரண்: உறைபனி வெளியில் ஓர் இரவைக் கடத்தும் அறிவு

நார்வே நாட்டின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் ஹார்டாங்கர்வித்தா, வட ஐரோப்பாவின் மிகப் பெரிய மேட்டுநிலமாகும். அதன் பெரும்பகுதி மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருப்பதால் அங்கே காற்றைத் தடுக்கக் காடுகள் கிடையாது. டிசம்பர் மாத இறுதியில் பகற்பொழுது சுமார் ஆறு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. புயல் எழுந்தாலோ வானும் நிலமும் ஒரே வெண்மையாகிவிட, பனிச்சறுக்குக் கட்டைகளில் பயணம் செய்பவர் தம் கால்முன்னே இருப்பது மேடா பள்ளமா என்றுகூட அறிய முடியாத நிலைக்கு ஆளாகிறார். இத்தகைய வெளியில் கூடாரமோ குடிலோ இன்றி ஓர் இரவைக் கடக்க நேர்வது நார்வே மக்களின் மலை வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. அந்த அனுபவங்களும் உடலியல் ஆராய்ச்சிகளும் சேர்ந்து உணர்த்துவது இதுதான்: உயிரைக் காப்பது உடல் வலிமையோ துணிச்சலோ அன்று, வலிமை தீர்வதற்கு முன்பே பயணத்தை நிறுத்திக்கொள்ளும் முடிவும், உடலைச் சுற்றி அசையாத காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அறிவும்தாம்.

உடல் வெப்பம் வெளியேறும் வழிகள்

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது ஏற்படும் நிலையை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா, அதாவது உடல்வெப்பத் தாழ்வு என்கின்றனர். 35 முதல் 32 பாகை வரையிலான முதற்கட்டத்தில் உடல் கடுமையாக நடுங்குகிறது. தசைகள் விரைந்து சுருங்கி விரிவதன் மூலம், ஓய்வு நிலையில் உண்டாவதைப் போல் பல மடங்கு வெப்பத்தை உடல் தானே உற்பத்தி செய்துகொள்ளும் முயற்சியே இந்த நடுக்கம். 32 பாகைக்குக் கீழே நடுக்கம் படிப்படியாக அடங்கி, பேச்சு குழறி, கைகள் சொன்னபடி கேளாமல், தீர்மானிக்கும் ஆற்றலும் மங்குகிறது. 28 பாகைக்குக் கீழே நினைவு தப்பி, இதயத்துடிப்பு சீர்குலையும் அபாயம் மிகுகிறது. கடுமையான நிலையில் சிலர் தாங்கமுடியாத வெப்பத்தை உணர்வதாக மயங்கித் தம் ஆடைகளைக் களைந்துவிடுவதும் உண்டு. மூளை குளிர்ந்த பின் எடுக்கப்படும் எந்த முடிவையும் நம்ப முடியாது என்பதால், இரவுக்கான முடிவுகள் அனைத்தும் உடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் போதே எடுக்கப்பட வேண்டியவையாகின்றன.

வெப்பம் நான்கு வழிகளில் உடலை விட்டு நீங்குகிறது. குளிர்ந்த தரையில் அமர்வதாலும் படுப்பதாலும் நேரடியாகக் கடத்தப்படுகிறது. காற்று வீசி, தோலையொட்டிய வெதுவெதுப்பான படலத்தைக் களைந்து செல்வதால் குறைகிறது. வியர்வையும் ஈரமும் ஆவியாகும்போது உடன் செல்கிறது. திறந்த வானை நோக்கிக் கதிர்வீச்சாகவும் வெளியேறுகிறது. இவற்றுள் காற்றின் பங்கை அளந்து காட்டியவர்கள், 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் நீர் உறையும் வேகத்தைச் சோதித்த பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் ஆவர். அந்த வழியில் வளர்ந்து இன்று பயன்பாட்டில் உள்ள கணக்கின்படி, வெப்பநிலை மைனஸ் 10 பாகையாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோல் மைனஸ் 20 பாகைக் குளிரை உணர்கிறது. ஈரத்தின் கேடு இதனினும் பெரிது. அசையாத காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த பருத்தி ஆடை உடுத்தியவருக்கு அந்த ஆடையே பகையாகிறது.

நார்வே மலைவாசிகள் உடலையொட்டிக் கம்பளி ஆடை அணிவதை விடாப்பிடியாக வலியுறுத்துவதன் காரணம் இதுதான். கம்பளி இழைகள் ஈரமான நிலையிலும் தமக்கிடையே காற்றைத் தக்கவைத்து ஓரளவு வெதுவெதுப்பைத் தருகின்றன. 1933இல் ஹென்ரிக் புருன் என்ற நார்வே ராணுவ அதிகாரி பழைய மீன்வலைகளைக் கொண்டு உள்ளாடை தைத்ததும் இதே கொள்கையின் விளைவே. பெரும்பாலும் துளைகளாலான ஓர் ஆடை எப்படிக் குளிரைத் தடுக்கும் என்ற ஐயம் எழக்கூடும். வலையின் கண்கள் ஒவ்வொன்றும் மேலாடைக்கும் தோலுக்கும் இடையே காற்றைச் சிறைப்பிடிக்க, வியர்வையும் தோலில் தேங்காமல் வெளியேறியது. வெப்பம் துணியில் இல்லை, துணி பிடித்து வைத்திருக்கும் காற்றில் இருக்கிறது என்ற இந்த அறிவுதான் இரவுத் தங்கலுக்கும் அடித்தளமாகிறது.

பனியே சுவராகும் முறை

புதிதாகப் பெய்த வெண்பனியின் கனஅளவில் பத்தில் ஒன்பது பங்கு வரை காற்றே நிறைந்திருக்கிறது. பனிப்படிகங்களுக்கிடையே சிக்கிய அந்தக் காற்று நகர வழியில்லாமையால், பனிப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. குளிர்காலத்தில் வெள்ளைச் சிறகு பூணும் கௌதாரி இனப் பறவைகள் இரவில் பனிக்குள் புதைந்து உறங்குவதும், தடித்த பனிப்படலத்தின் அடியில் நிலத்தையொட்டிய இடைவெளியில் எலியினங்கள் குளிர்காலம் முழுவதும் நடமாடுவதும் இந்தப் பண்பினால்தான். வெளியே மைனஸ் 30 பாகையாக இருக்கும் இரவிலும், முறையாகத் தோண்டிய பனிக்குகையின் உள்ளே வெப்பநிலை சுழிப் பாகையை ஒட்டியே நிற்கும். ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் ஏறத்தாழ 100 வாட் வெப்பமே அச்சிறு அறையைக் காக்கப் போதுமானது.

பனிக்குகை அமைப்பதில் சில நுட்பங்கள் உள்ளன. காற்று குவித்து வைத்த, ஆழமும் இறுக்கமும் உள்ள பனிமேட்டின் காற்றுமறைவுப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயின் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் பனிச்சரிவு ஏற்படும் வாய்ப்பு இருப்பதால் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்விடத்தை நாடுவது. ஆகவே நுழைவாயிலைக் கீழேயும், படுக்கும் திண்ணையை அதைவிட உயரமாகவும் அமைத்தால், குளிர்காற்று வாயிற்பள்ளத்தில் தங்க, வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும். கூரையின் உட்புறத்தை வழவழப்பான வளைவாகச் செதுக்கினால் உருகும் நீர் சொட்டாமல் சுவர்வழியே வடிந்துவிடும். சுவரின் தடிமன் 30 சென்டிமீட்டருக்குக் குறையாதிருப்பது நல்லது. தோண்டும் வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம் பிடிப்பது. வியர்வை உள்ளாடையை நனைத்துவிட்டால் குகையின் பயன் பாதி போய்விடும் என்பதால், தோண்டத் தொடங்கும் முன்பே இடையாடை ஒன்றைக் கழற்றி உலர வைத்துக்கொண்டு நிதானமாக உழைக்க வேண்டும்.

மறக்கக்கூடாத மற்றொன்று காற்றுத்துளை. 1896 ஜனவரியில், பிற்காலத்தில் தென்துருவத்தை முதலில் அடையவிருந்த ரோல்டு ஆமுண்ட்சென் தம் சகோதரருடன் ஹார்டாங்கர்வித்தாவைப் பனிச்சறுக்கில் கடக்க முயன்று புயலில் வழிதவறினார். ஓரிரவு அவர் பனியில் உடலளவே ஆன குழி தோண்டி அதற்குள் உறங்க, ஈரப்பனி பொழிந்து மூடிப் பின்னர் குளிர் கடுமையாகி உறைந்துவிட்டது. விழித்தபோது அசைய முடியாதபடி பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டிருந்தார். உடன்வந்தவர் இடத்தைக் கண்டுபிடித்து நெடுநேரம் தோண்டியதால்தான் அவர் பிழைத்தார். துருவத்தை வென்ற மனிதர் தம் சொந்த நாட்டு மேட்டுநிலத்திலேயே மாண்டிருக்கக்கூடும் என்பது, பனி அடைக்கலம் தருவதும் அடைத்துக் கொல்வதும் ஒரு சிறு துளையின் வேறுபாட்டில் நிற்கிறது என்பதை உணர்த்துகிறது. சறுக்குக்கோலைக் கூரைவழியே செருகி அவ்வப்போது அசைத்துத் துளையைத் திறந்து வைப்பதும், மண்வாரியை வெளியே விடாமல் உள்ளே வைத்துக்கொள்வதும், குகைக்கு மேலே சறுக்குக் கட்டைகளை நட்டு அடையாளம் செய்வதும் இன்று நார்வேயில் கற்பிக்கப்படும் ஒழுங்குகள். உள்ளே அடுப்பு எரித்தால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து உயிரைப் பறிக்கும் என்பதால், காற்றோட்டத்தின் தேவை இன்னும் கூடுகிறது.

தோண்ட நேரமோ ஆழமான பனியோ இல்லாதபோது, வின்ட்செக் எனப்படும் காற்றுப்பை உதவுகிறது. காற்று புகாத துணியால் தைத்த இப்பையை மலைப்பயணிகள் முதுகுப்பையில் மடித்து வைத்துக்கொள்கின்றனர். இரண்டு மூன்று பேர் அதற்குள் நெருங்கி அமர்ந்தால் ஒருவர் உடல் மற்றவருக்கு அடுப்பாகிறது. எந்த முறையானாலும் உடலுக்கு மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பதே முதன்மையானது. முதுகுப்பை, கயிற்றுச் சுருள், சறுக்குக் கட்டை என எது கையிலிருந்தாலும் அதன்மேல் அமர்வதே முறை.

காடும் நெருப்பும்

மரங்கள் உள்ள வடபுலக் காடுகளில் வழி சற்று மாறுகிறது. பின்லாந்துக் காட்டுவாசிகள் ராக்கோவல்கெயா என்ற தீயமைப்பை வழிவழியாகக் கையாண்டு வருகின்றனர். ஆளுயரத்தை விஞ்சிய நீளமுள்ள இரண்டு உலர்ந்த பைன் மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, அவற்றினிடையே விரலளவு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் தீ மூட்டினால், அது மெல்லக் கனன்று இரவு முழுவதும் படுத்திருப்பவரின் தலை முதல் கால் வரை வெப்பம் தருகிறது. எதிரே சாய்ந்த கூரையும், தரையில் ஊசியிலைக் கிளைகளை அடர்த்தியாகப் பரப்பிய படுக்கையும் அமைத்தால் இரவு தாங்கக்கூடியதாகிவிடும். கிளைகளின் இடையே சிக்கும் காற்றுதான் இங்கும் காப்பு.

பனிமேல் நேரடியாக மூட்டிய தீ, பனியை உருக்கித் தானே மூழ்கி அணைந்துவிடும் என்பதால், பச்சை மரத்துண்டுகளை அடுக்கி மேடை செய்வது இன்றியமையாதது. பனி சுமந்த கிளைகளின் அடியில் தீ மூட்டுவதும் தவறு. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுகதையில், கனடாவின் யூக்கான் பகுதியில் தனித்துச் செல்லும் மனிதனின் முடிவை இந்தப் பிழையே உறுதியாக்குகிறது; கிளையிலிருந்து சரிந்த பனி அவன் தீயை அணைத்துவிடுகிறது. முதிய அனுபவசாலி ஒருவர் தனியே போகாதே என்று முன்பே எச்சரித்திருந்தும் அவன் கேளாததே அப்பிழைக்கும் மூலம் என்பதைக் கதை தெளிவாகக் காட்டுகிறது.

தவறான நம்பிக்கைகள்

தாகத்துக்குப் பனியை அப்படியே உண்ணலாம் என்பது பரவலான எண்ணம். ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 117 கிலோகலோரி தேவை; உணவின்றி நடுங்கும் உடலுக்கு அது வீண்செலவு. இயன்றவரை பனியை அடுப்பில் உருக்கியே குடிக்க வேண்டும். மது அருந்தினால் சூடு வரும் என்பதும் பிழை. மது தோலின் இரத்த நாளங்களை விரிவடையச் செய்வதால் கணநேர வெதுவெதுப்பு தோன்றினாலும் உள்வெப்பம் வெளியேறிவிடுகிறது. பனிக்கடி கண்ட விரல்களைப் பனியால் தேய்க்க வேண்டும் என்ற வழக்கம் நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பில் பணியாற்றிய அறுவை மருத்துவர் லாரேயின் செல்வாக்கால் நெடுங்காலம் நீடித்தது. இன்றைய மருத்துவம் அதனை முற்றிலும் மறுக்கிறது. மீண்டும் உறையும் அச்சம் இல்லாத இடத்தில், 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துவதே முறையாகும். உறங்கினால் உயிர் போய்விடும் என்ற அச்சமும் முழு உண்மையன்று. உலர்ந்த ஆடையுடன், தரையின் குளிர் ஏறாதபடி, உண்டு அமர்ந்திருப்பவரைக் குளிரே நடுக்கத்தால் எழுப்பிவிடும். களைத்து, நனைந்து, உடல்வெப்பத் தாழ்வுக்கு ஏற்கெனவே ஆளானவருக்குத்தான் அந்த உறக்கம் ஆபத்தானது.

அறிவைப் பொதுவுடைமையாக்கிய நாடு

இந்த அறிவு வல்லுநர்களிடம் மட்டும் தங்கிவிடாமல் பொதுமக்களின் சொத்தாக மாறியதே நார்வேயின் தனிச்சிறப்பு. 1952இல் நார்வே மலைநடைச் சங்கம் மலைப்பயணத்துக்கான விதிகளை வகுத்தது. அவற்றின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர்களுள் கிளவுஸ் ஹெல்பெர்க் ஒருவர்; இரண்டாம் உலகப்போரில் 1942 அக்டோபரில் வான்குடை மூலம் ஹார்டாங்கர்வித்தாவில் இறங்கி, ஜெர்மானியர்களின் கனநீர்த் திட்டத்தை முறியடிக்கும் பணிக்காக அக்கடுங்குளிர் காலத்தை அங்கேயே கழித்த குழுவைச் சேர்ந்தவர் அவர். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் உயிரிழந்தபோது நாடே அதிர்ந்தது. அதன்பின் மலைநடைச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து அவ்விதிகளை நாடெங்கும் பரப்பின. ஒன்பது விதிகளுள் இறுதி இரண்டும் இக்கட்டுரையின் சாரம் எனலாம்: காலத்தோடு திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் இழுக்கில்லை என்பது ஒன்று, ஆற்றலைச் சேமித்துத் தேவைப்பட்டால் புகலிடம் தேட வேண்டும் என்பது மற்றொன்று. 1980களில் வடமுனைப் பகுதியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து, பின் நாடெங்கும் வேரூன்றிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் இன்று இவ்விதிகள் சொந்த மண்ணின் அறிவே ஆகும்.

முயற்சியைக் கைவிடலாகாது என்பதற்கும் நார்வேயே சான்று தருகிறது. 1999 மே மாதத்தில் நார்விக் அருகே ஓடைப் பனிக்கட்டியின் அடியில் 80 நிமிடங்கள் சிக்கிய ஆன்னா போகென்ஹோல்ம் என்ற மருத்துவரின் உடல்வெப்பம் 13.7 பாகை வரை தாழ்ந்து, இதயமும் நின்றுவிட்டது. டிராம்சோ மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தை இயந்திரத்தின் வழியே மெல்லச் சூடேற்றி உயிர்ப்பித்தனர். விரைந்து குளிர்ந்த மூளைக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே தேவைப்படுகிறது என்பதால், உறைந்து கிடப்பவரை வெதுவெதுப்பாக்கிப் பார்க்காமல் இறந்தவராகக் கருதலாகாது என்பது மீட்புப் பணியாளர்களின் நெறியாயிற்று.

எனினும் இத்தகைய மீட்பு அரிதினும் அரிது. அதை நம்பி எவரும் மலையேறுவதில்லை. இரவு வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நின்று, கையில் உள்ள வெளிச்சத்தையும் வலுவையும் கொண்டு தோண்டத் தொடங்குபவருக்குப் பனி பகையாகத் தோன்றுவதில்லை. எப்படியும் இலக்கை அடைந்துவிடலாம் என்று மேலும் ஒரு கிலோமீட்டர் நடப்பவரிடம் குகை தோண்டும் வலுவும் எஞ்சுவதில்லை, வலு எஞ்சவில்லை என்று உணரும் தெளிவும் எஞ்சுவதில்லை. ஆகவே குளிர்கால மலைக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் மண்வாரியோடும் கம்பளியோடும் சேர்த்து, எந்த நேரத்தில் நிற்பது என்ற முடிவையும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த முடிவைத் தளர்வின்றிக் கடைப்பிடிப்பதே உண்மையான துணிவாகும்.