ஜல்லியின் பிடி

“பிளாஸ்டிக் கலந்து சாலை போட்டால் மழைக்குக் குழி விழாதாமே, உண்மையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி உண்மை. மீதியைப் பார்க்க ஜல்லியிலிருந்து தொடங்க வேண்டும்.

தார்ச் சாலைக் கலவையின் எடையில் தார் நூற்றுக்கு 5 பங்கு அளவுதான். மற்றதெல்லாம் கல். பாரம் தாங்குவதும் கல்தான். கூழாங்கல்லைக் கொட்டி மிதித்தால் உருண்டு விலகும். உடைத்த ஜல்லி விலகாது. காலை நேர டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் முட்டி நிற்கிறது, இடுக்குகளில் பள்ளிப் பிள்ளைகள். டிரைவர் திடீர் பிரேக் போட்டாலும் யாரும் விழுவதில்லை, விழ இடமில்லை. முழங்கைதான் ஜல்லியின் முனை, பிள்ளைகள்தான் இடுக்கை அடைக்கும் கல்தூள். மேலிருந்து அழுத்த அழுத்தப் பிடி இறுகுகிறது. ஆனால் பஸ்ஸின் தரைப்பலகை உளுத்திருந்தால்? எவ்வளவு நெருக்கி நின்றாலும் அத்தனை பேரும் கீழேதான்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம். 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகள் அவர் பொறுப்புக்கு வந்தன. ரோமானியர் காலம் தொட்டு அடியில் பெருங்கல் பாவுவதே வழக்கம். அது வீண் செலவு என்றார் அவர். ஆறு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேற்படாத உடைகல் போதும். பாரத்தை அடிமண்ணே சுமக்கும், மண் காய்ந்திருக்கும் வரை. அதனால் சாலையை உயர்த்தி, நடுவில் மேடு வைத்து, ஓரத்தில் வாய்க்கால் வெட்டச் சொன்னார். தார் வந்தது பிறகு: மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதியை அடக்க.

இனி பிளாஸ்டிக். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் முறையில், சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லிமேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லுக்கு மெல்லிய தோலாகிறது, அதன்மேல் தார். அருமையான யோசனை. கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். விரிசலில் இறங்கிய மழைநீரைச் சக்கரம் அழுத்தும்போது, அது தாரை உரித்துவிடுகிறது. பிளாஸ்டிக் தோல் அதைத் தடுக்கிறது. 2018இல் அவருக்குக் கிடைத்த பத்மஸ்ரீ தகுதியானதே.

ஆனால் அந்தத் தோல் இருப்பது மேலடுக்கில். ஓரத்தில் தேங்கும் நீர் பக்கவாட்டில் ஊறி அடிமண்ணைச் சேறாக்கினால், பிளாஸ்டிக் ஒன்றும் செய்ய முடியாது. மண் அமிழும், ஜல்லியின் பிடி தளரும், குழி விழும். ‘குழியே விழாத சாலை’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டு, வாய்க்காலையும் மூடிவிடும் தெருக்களில் எந்தப் புதுக் கலவையும் நெடுநாள் நிற்காது.

உங்கள் தெருவுக்குச் சாலை போட வந்தால், தாரில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்கும் முன், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே மனுக் கொடுங்கள்.