தோள் நரம்பு துளிர்க்கும் வரை

குளியலறையில் கால் வழுக்கினால் கையை ஊன்றாதவர் யார்? அந்த ஒரு கணத்தில் சிலருக்குத் தோள் மூட்டு நழுவிவிடுகிறது. டாக்டர் மூட்டைப் பொருத்திக் கட்டுப் போட்டு அனுப்புகிறார். கட்டை அவிழ்த்த பிறகும் கை பக்கவாட்டில் எழும்ப மறுக்கிறது. புஜத்தின் வெளிப்புறத்தில் ஓர் இடம் மட்டும் தொட்டால் மரத்துக் கிடக்கிறது. மூட்டு நழுவியபோது, அதை ஒட்டி வளைந்து செல்லும் அக்குள் நரம்பு இழுபட்டுவிட்டால் இப்படி ஆகும்.

வீட்டில் உடனே இரண்டு கட்சி. "கையை அசைக்காதே, அம்மா!" என்பார் மாமியார். கணவரோ மறுநாளே டம்பெல் வாங்கி வந்து நிற்பார். இரண்டுமே கூடாது.

நரம்பு இழை அறுந்திருந்தால், அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். கனம் தூக்கினால் அது ஓடி வந்துவிடாது. பின் அப்பியாசம் எதற்கு என்கிறீர்களா? நரம்பு வந்து சேருகிறபோது மூட்டு இறுகிப் பூட்டிக் கிடக்கக் கூடாதே, அதற்குத்தான்.

டாக்டர் அனுமதித்த பிறகு, நல்ல கையை மேஜைமேல் ஊன்றிச் சற்றே குனிந்து, மற்றக் கையைத் தொங்க விடுங்கள். உடம்பை லேசாக ஆட்டினால், கடிகாரத்தின் பெண்டுலம் போல் கை தானே ஆடும். பிறகு மல்லாந்து படுத்து, கையை மெத்தையோடு பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். நின்றுகொண்டு தூக்க முடியாத கைகூட இப்படிப் படுத்தால் கொஞ்சம் நகரும். மறு கையைத் தோள்மேல் வைத்திருந்தால், தசை முதன்முதலாகத் துடிப்பது விரலுக்குத் தெரியும். அந்தத் துடிப்பை உணர்ந்த அன்று வீட்டில் பாயசமே வைக்கலாம்!

நின்று செய்யும் பயிற்சிகளைக் கண்ணாடி முன் செய்யுங்கள். தசை பலவீனமாக இருந்தால், நாம் அறியாமலே தோளைக் காதுவரை உயர்த்தி, உடம்பைச் சாய்த்துக் கையைத் தூக்கி விடுகிறோம். அது தோளின் வேலையல்ல, ஏமாற்று வேலை. மறுநாளும் வலி நீடித்தால் பயிற்சியைப் பாதியாக்குங்கள். கையில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயிற்சி நேரத்தைவிட மற்ற நேரத்தில்தான் ஆபத்து அதிகம். கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பின்னுக்குத் திருப்பினால் மூட்டு மறுபடி நழுவக்கூடும். கொண்டை போடுவதும் பூ வைப்பதும் அதே அசைவுதான். சில வாரங்களுக்கு மகளிடமோ நாத்தனாரிடமோ தலையைக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் மேல்கம்பியை அந்தக் கையால் பிடிக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் வேண்டாம். பாரம் நரம்பை இழுக்கும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது.

அடிபட்ட மூன்று நான்கு வாரங்களில் நரம்புக்கும் தசைக்கும் மின்சோதனை செய்து பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறது. மூன்று மாதமாகியும் தசையில் துடிப்பே இல்லை என்றால், நரம்பு அறுவை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் தள்ளிப் போட்டால் ஆபரேஷனின் பலன் குறைந்துகொண்டே போகும்.