காத்தாடி சுற்றுவது காற்றுக்கா, கணக்குக்கா?

வைகாசியில் கிளம்பும் மேல்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுக்கும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் புரட்டாசி வரை ஓயாது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: வானளாவிய புதுக் காத்தாடிக்குப் பக்கத்திலேயே, இரும்புச் சட்டக் கோபுரத்தில் குட்டையான பழைய காத்தாடி நிற்கும். ஆடிக் காற்றிலும் சில அசையாது. நாட்டிலேயே அருமையான காற்று அடிக்கும் இடங்களில் ஒன்றை இத்தனை சிறிய இயந்திரங்கள் ஏன் பிடித்து வைத்திருக்கின்றன? விடை பெருமளவு வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

காற்று மின்சாரத்தில் இங்கே முதலில் இறங்கியது அரசுதான். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் நடப்பட்டன. கயத்தாறு, முப்பந்தல் என்று தொடர்ந்தன. காற்றில் மின்சாரம் விளையும் என்று நிரூபித்துக் காட்டியதோடு மின்வாரியம் ஒதுங்கிக்கொண்டது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் சுமார் 17 மெகாவாட். மற்றவை தனியாருடையவை.

தனியாரை இழுத்து வந்தது 'விரைவுத் தேய்மானம்' என்ற வரிச் சலுகை. காற்றாலை வாங்கிய விலையில் 1990-களில் முதல் ஆண்டே 100 சதவீதத்தையும், பிறகு 80 சதவீதத்தையும் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 80 சதவீதக் காலத்தில் 10 கோடி ரூபாய்க்கு ஒரு நூற்பாலை முதலாளி காற்றாலை வாங்கினால், லாபத்தில் 8 கோடிக்கு அந்த ஆண்டு வரி கிடையாது. வரி 30 சதவீதம் என்றால் 2 கோடியே 40 லட்சம் கையில் நிற்கும். அடுத்த ஆண்டு இன்னொன்று வாங்கினால் வரி இன்னும் தள்ளிப்போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிதியாண்டில் 180 நாளாவது இயந்திரம் பயன்பாட்டில் இருந்தால்தான் முழுச் சலுகை; இல்லையென்றால் பாதி. ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் நட்டுவிட வேண்டும் என்று ஓட்டமாய் ஓடினார்கள். செப்டம்பர் கடைசி என்பது காற்று அடங்கும் நேரம். அந்த ஆண்டின் பருவம் முழுவதையும் தவறவிட்ட காத்தாடிக்கும் முழுச் சலுகை கிடைத்தது. எத்தனை யூனிட் விளைந்தது என்று சட்டம் கேட்கவே இல்லை.

கேட்கும் முறையும் ஒன்று வந்தது. 2009 கடைசியில், விரைவுத் தேய்மானம் வேண்டாம் என்கிறவர்களுக்கு, விளைந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை தருவதாக மத்திய அரசு அறிவித்தது. 2012 மார்ச்சோடு இரண்டு சலுகைகளும் நின்றன. அந்த மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட்டுக்குப் புதிய காற்றாலைகள் வந்திருந்தன. அடுத்த ஆண்டு அது சுமார் 1,700 ஆகச் சரிந்தது. காற்று என்னவோ எப்போதும் போலத்தான் வீசியது. 2014-ல் திரும்பி வந்த விரைவுத் தேய்மானம் 2017-ல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

எங்கோ வெளியூரில் இருக்கும் உரிமையாளரின் ஏட்டில் அந்தக் காத்தாடி சில ஆண்டுகளில் தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். மண்ணில் அது இருபது, இருபத்தைந்து ஆண்டு நிற்கும். மானாவாரி நிலத்தை விற்றவருக்கு ஒரே ஒரு தடவை பணம். ஊருக்குச் சில காவலாளி வேலை, கொஞ்சம் டெக்னீஷியன் வேலை. தன் காத்தாடி ஆடி மாதத்தில் எழுப்பும் ஓசையை ஒருநாளும் கேட்காதவர் சேர்த்த செல்வத்தை என்னால் செல்வம் என்று எண்ண முடியவில்லை.

உரிமையாளர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. வாங்கிய மின்சாரத்துக்கு வாரியம் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தது உண்டு. நல்ல காற்று நாளில் 'நிறுத்து' என்று உத்தரவு வந்து இறக்கைகள் சும்மா நின்றதும் உண்டு.

விளைவதில் ஊருக்கும் பங்கு தரும் வேறு வழியும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தொடங்கிய நூற்பாலை தாமிரபரணியின் விசையில் ஓடியது. 1944-ல் அதே பாபநாசத்தில் அரசு நீர்மின் நிலையம் அமைத்தது. நான்கு இயந்திரங்கள், மொத்தம் 32 மெகாவாட். விசையாழியைச் சுழற்றிய தண்ணீர் ஆற்றுக்கே திரும்பி, கோடைமேலழகியான் அணைக்கட்டு தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை வயலுக்குப் பாய்கிறது. மின்சாரமும் ஊருக்கு, தண்ணீரும் ஊருக்கு.

இப்போது பெரும்பணம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4.3 ஜிகாவாட் சூரிய மின்கலமும் தகடும் செய்யும் டாடா பவர் ஆலையை முதல்வர் ஸ்டாலின் 2025 பிப்ரவரியில் திறந்துவைத்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சூரிய மின்கலம் செய்ய மிகத் தூய நீர் நிறைய வேண்டும். இதே சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் தாமிரபரணித் தண்ணீர் 37 ரூபாய் 50 காசுக்குத் தரப்பட்டதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. எந்த ஆலை எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறது என்ற கணக்கை சிப்காட் மாதந்தோறும் வெளியிட வேண்டும். தூய ஆற்றல் என்ற பெயர் அந்தக் கணக்குக்கு விலக்கு ஆகாது.

பழைய காத்தாடிகளை இறக்கிவிட்டுப் பெரியவற்றை ஏற்றுவதற்கு மாநில அரசு 2024 ஆகஸ்டில் ஒரு கொள்கை கொண்டுவந்தது. மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று அது கேட்ட கட்டணத்தை எதிர்த்து உரிமையாளர் தரப்பு நீதிமன்றம் போனது. அரசுக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான இந்தப் பேரத்தில் பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நாற்காலி இல்லை. விளையும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஊராட்சிக்கு இத்தனை பைசா என்று புது ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கலாம். அதை எழுதுவதற்குப் பழைய இயந்திரங்கள் இறங்கும் இந்த நேரத்தைவிட்டால் இன்னும் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.