நாலு அசிட்டிலீன், ஒரு வளையம்

வெல்டிங் பட்டறையில் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டதும் நுரைத்துக் கிளம்புகிற வாயு அசிட்டிலீன். கூடவே வரும் பூண்டு நாற்றம் அதனுடையது அல்ல, கார்பைடில் கலந்த அசுத்தங்களுடையது. இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், கார்பன்களுக்கு நடுவே முப்பிணைப்பு, அவ்வளவுதான் அசிட்டிலீன். அந்த முப்பிணைப்பைத் திறந்துவிட்டால் பக்கத்து மூலக்கூறோடு சேர்ந்து வளையமாகிவிடும். கரிம வேதியியலில் நான் மிக விரும்பிப் பாடம் எடுக்கும் இடம் இது.

1866-இலேயே பிரான்சின் பெர்த்தலோ இந்த வாயுவைக் கடுமையாகச் சூடாக்கிப் பென்சீன் எடுத்தார். மூன்று அசிட்டிலீன் சேர்ந்தால் ஆறு கார்பன் வளையம். ஆனால் வெறும் சூட்டில் பென்சீனோடு வேறு பல பொருள்களும் கலந்தே வந்தன.

எட்டுக் கார்பன் வளையத்தின் கதை இன்னும் சுவையானது. பென்சீனைப் போல இதுவும் நிலையாக இருக்குமா என்று ஜெர்மானியரான வில்ஸ்டேட்டருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாதுளை மரப்பட்டையில் உள்ள ஓர் ஆல்கலாய்டை எடுத்து, நைட்ரஜனைக் கழற்றி, இரட்டைப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக நுழைத்து, 1911-இல் மஞ்சள் திரவம் ஒன்றைப் பெற்றார். சைக்ளோ ஆக்டா டெட்ராயீன் அது. பென்சீனின் குணம் துளியும் இல்லை. புரோமினைக் காட்டியதும் சேர்ந்துகொண்டது. இது வெறும் ஸ்டைரீன்தான் என்று பின்னாளில் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1947-இல் அமெரிக்காவில் கோப் அதே வழியில் மறுபடி செய்து பார்த்து, வில்ஸ்டேட்டர் சொன்னதே சரி என்று நிறுவினார். பல படிகள் தாண்டிச் செய்த அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

அதே வளையத்தை லுட்விக்ஸ்ஹாஃபெனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் ரெப்பே 1940-இல் ஒரே படியில் செய்துவிட்டார். நிக்கல் சயனைடு, கொஞ்சம் சூடு, அழுத்தம், அசிட்டிலீன். அழுத்தம் என்று சொல்வது எளிது. அழுத்தினால் காற்றே இல்லாமலும் வெடிக்கக்கூடிய வாயு இது. அதனால்தான் சிலிண்டரில்கூட அசிட்டோனில் கரைத்து, நுண்துளைப் பொருளுக்குள் அடைக்கிறார்கள். ரெப்பே நைட்ரஜன் கலந்து, அதற்கென்றே கருவிகளை வடிவமைத்து அந்த ஆபத்தைக் கட்டுக்குள் வைத்தார்.

நிக்கல் என்ன செய்கிறது? ஒரு நிக்கல் அணுவைச் சுற்றி நாலு பேருக்கு இலை போட்ட பந்தி போல நாலு இடங்கள் என்று கொள்ளலாம். நாலு அசிட்டிலீனும் நெருங்கி அமர, கார்பனோடு கார்பன் பிணைந்து எட்டு வளையம் மூடுகிறது. இந்த விளக்கத்துக்குச் சான்றும் உண்டு. நிக்கலுக்குச் சமமான அளவில் டிரைஃபீனைல் பாஸ்பீனைச் சேர்த்தால் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் மூன்று இடம், மூன்று அசிட்டிலீன். இப்போது முக்கியமாக விளைவது பென்சீன்.